பணம் மட்டும் இல்ல, மரம் யாருக்கு சொந்தம்ங்கறதும் முக்கியம்

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்க வறண்டு கெட்டுப்போன நிலத்தை மரம் செடி வளர்த்து மீட்கிற ஆப்பிரிக்காவோட பசுமைப் பெருஞ்சுவர் திட்டம் 2007ல ஆரம்பிச்சது, 2030க்குள்ள 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்கணும், பணம் வராததால இழுக்குதுன்னு உங்க கட்டுரைல எழுதியிருக்கீங்க. பணம் வேணும்தான், 2021ல நிதி குடுக்கற நாடுகளும் வங்கிகளும் 1,400 கோடி டாலருக்கு மேல தர்றோம்னு சொன்னாங்களே அது விவசாயி கைக்குப் போய் சேரணும். ஆனா பாதி விஷயம் விட்டுப்போச்சு சார். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜர்ல 1980கள்ல இருந்து விவசாயிங்க நாத்து வாங்கி நடாமயே சாதிச்சாங்க, வெட்டுன மரத்தோட வேர் மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும்ல, அதுல துளிர்க்கிறதுல நல்லதா சில கிளைய மட்டும் விட்டு கவாத்து பண்ணியே சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் திரும்ப வந்துச்சு!! பக்கத்து நாடான புர்கினா ஃபாசோல யாகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி, 'மாற்று நோபல்'னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருதை 2018ல வாங்குனவர், 2023ல காலமாயிட்டார், மழைக்கு முன்னாடியே இறுகிப்போன தரையில ஒரு சாண் அகலத்துக்கு அவர் குழி வெட்டி எரு போட்டு வச்சார், எருவுக்கு கரையான் வந்து மண்ணைத் துளைக்கும், மழை பெஞ்சா தண்ணி வழிஞ்சு ஓடாம உள்ள இறங்கும், அதுல கம்பு சோளம் விளையும், கூடவே மரமும் வரும். இன்னொண்ணு, நைஜர்ல முன்னாடி மரமெல்லாம் அரசாங்கத்துக்கு சொந்தம், அந்தப் பிடி தளர்ந்ததும்தான் ஜனங்க தைரியமா மரத்தைக் காப்பாத்த ஆரம்பிச்சாங்க. இந்த உரிமை விஷயத்தை தயவுசெஞ்சு அடுத்த கட்டுரைல எழுதுங்க.