அண்ணாச்சி கடைத் தராசில் இரண்டு கேமரா

போன வாரம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். தெருமுனை அண்ணாச்சி கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போய், என்னுடைய இரண்டு கேமராவையும் தராசில் வைத்து எடை போட்டேன். கல்யாண வேலைக்குக் கொண்டுபோகும் சோனி ஏ7 மார்க் 4, கூடவே 24-70, 70-200 மில்லிமீட்டர் என்று இரண்டு ஜூம் லென்ஸ். மொத்தம் இரண்டு கிலோ நானூறு. ஃப்ளாஷ், பேட்டரிகள், சார்ஜர் எல்லாம் போட்டுப் பையோடு தூக்கி வைத்தால் நாலு கிலோவைத் தொட்டது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து ரிக்கோ ஜிஆர் 3-ஐ எடுத்து வைத்தேன். எண் 255க்கும் 260க்கும் நடுவே ஆடியது. கம்பெனி சொல்கிற எடை 257 கிராம். அண்ணாச்சி தராசு நேர்மையானது.

"இந்தச் சின்னது எவ்வளவு தம்பி?" என்றார். சொன்னேன்.

"கால் கிலோவுக்கா? குங்குமப்பூ வெலையால்ல இருக்கு!"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோ விலை என்று பார்த்தால் என்னிடம் இருப்பதில் சின்னதுதான் விலை கூடியது. அவ்வளவு கொடுத்து இதை ஏன் வாங்கினாய் என்று வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எது நல்ல கேமரா என்று கேட்டால் பெரியதுதான். இதில் விவாதமே கிடையாது, சின்ன கேமரா வைத்திருப்பவர்கள் என்ன அலட்டினாலும் சரி. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சென்சாரின் பரப்பைப் பாருங்கள். சோனியில் இருக்கும் ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். ரிக்கோவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அதைவிடச் சின்ன அளவு, சுமார் 366. பாதிகூட இல்லை. சோனியின் ஆர்எக்ஸ்100 மாதிரியான காம்பாக்ட்களில், அதாவது பாக்கெட் கேமராக்களில், இருக்கும் 'ஒரு அங்குல' சென்சாரோ வெறும் 116. இந்த ஒரு அங்குலம் ஒரு வேடிக்கை. அதன் நீளம், அகலம், மூலைவிட்டம் எதை அளந்தாலும் ஒரு அங்குலம் வராது. பழைய வீடியோ கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன அளவு இது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஃபிளாட் விற்பவர்கள் லிஃப்டையும் மாடிப்படியையும் சேர்த்துச் சதுர அடி சொல்வார்களே, அந்த மாதிரி.

பரப்பு கூடினால் வாங்கும் வெளிச்சம் கூடும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறனை, 6400 வரை ஏற்றி எடுத்தாலும் பெண்ணின் பட்டுப்புடவைச் சரிகை சரிகையாகவே தெரியும், மணல் தூவியது போல ஆகாது. அதைவிட முக்கியம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, மூன்று முடிச்சு விழுந்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குள் மாமன்கள் நாலு பேர் கையை உயர்த்திக்கொண்டு குறுக்கே வருவார்கள். அத்தனை கைக்கு நடுவிலும் ஏ7 மார்க் 4 பெண்ணின் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். படம் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு தூங்குகிறேன். ரிக்கோவில் கார்டு போட ஒரே இடம். ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்று கம்பெனியே சொல்கிறது. சோனியில் அது 580. 200 படம் என்பது காலை டிபனுக்குள் முடிந்துவிடும்.

போதாததற்கு, வாடிக்கையாளரின் கண் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நிச்சயதார்த்தத்தில் சும்மா ரிக்கோவை வெளியே எடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் வந்து, "இதுலயா தம்பி எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. பாக்கிப் பணம் அவர் கையில் இருந்ததால் உடனே பைக்குள் போட்டுவிட்டேன்.

அப்படியானால் சின்னது எதற்கு? கடந்த மூன்று வருஷத்தில் நான் எடுத்ததில் ப்ரிண்ட் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியவை பதினொரு படங்கள். அதில் ஏழு ரிக்கோவில் எடுத்தவை. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் கேமராவை விட்டுவிட்டு, இருட்டில் ஃபோகஸுக்குத் தடுமாறும் கேமராவில் எடுத்தவை ஏன் சுவருக்கு வந்தன என்று நானே யோசித்துப் பார்த்தேன். சுமை ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரிய கேமராவைத் தூக்கியதும் எதிரில் இருப்பது மாறிவிடுகிறது. நான் எடுக்க நினைத்தது அங்கே இருக்காது.

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் பெரியதோடு போனேன், அடுத்த வருஷம் சின்னதோடு. பெரியதோடு போன வருஷம் வைகைக் கரையில் நின்றபோது இன்னும் விடியவில்லை. தங்கக் குதிரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். 200 மில்லிமீட்டரில் இழுத்து எடுத்தேன். அழகரின் முகம், பட்டு, மாலை, குதிரையின் காது எல்லாம் அப்படியே எண்ணலாம் போல வந்திருந்தன. அருமையான படம். என்னோடு தோள் உரசி நின்ற முப்பது பேரும் அதே படத்தைத்தான் எடுத்திருந்தார்கள், மறுநாள் முகநூலைத் திறந்ததும் தெரிந்தது. கூட்டத்துக்குள் போனால் "எந்த சேனல் தம்பி?" என்கிறார்கள். கருப்பசாமி வேஷம் கட்டி, தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்ச வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் வரிசையாக நின்று மீசையை முறுக்கினார்கள். நன்றாகத்தான் நின்றார்கள். ஆனால் நான் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது எனக்குக் கிடைக்கவே இல்லை.

அடுத்த வருஷம் ரிக்கோவைப் பால் பாக்கெட் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீருக்குப் பயந்துதான் அந்தக் கவர். சோனி கொஞ்சம் ஈரம் தாங்கும்படி செய்யப்பட்டது, இதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. லென்ஸ் 28 மில்லிமீட்டர் அகலக் கோணம், தூரத்தில் இருப்பதை இழுக்க ஜூம் கிடையாது. விடிவதற்கு முன்னால் எடுத்த படங்களில் அழகரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கற்பூரக் கட்டி அளவுக்கு மின்னிக்கொண்டிருந்தார்.

நன்றாக விடிந்த பிறகு நிலைமை தலைகீழானது. இந்தக் கேமராவில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி உண்டு. தூரத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டர் என்று நாமே சொல்லிவிடலாம். வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 8-ல் வைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே தெளிவாக விழும். கேமரா எதையும் தேட வேண்டியதில்லை, பட்டனை முழுக்க அமுக்கினால் அந்த நொடியே படம். சத்தமும் அநேகமாகக் கேட்காது. அப்படி எடுத்ததில் ஒன்று: கருப்பசாமி வேஷத்தைக் கலைக்காமலே ஒருவர் ஆற்று மணலில் மனைவி மடியில் தலைவைத்துத் தூங்குகிறார், அந்த அம்மா அவர் தொப்பியால் அவருக்கே விசிறிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று: அப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை, கன்னத்தில் வழிந்த சந்தனத்தை நாக்கால் எட்டித் தொடப் பார்க்கிறது. இரண்டும் இப்போது என் சுவரில் இருக்கின்றன. இரண்டையும் பெரிய கேமராவில் எடுக்க முடியாதா என்றால், முடியும். அந்த அம்மா விசிறுவதை நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதை. பெரியதைத் தூக்கினால் அம்மா "இரு, சேலை மாத்திட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவார். திரும்பி வந்து ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பது போல நிற்பார். சின்னதை எடுத்தால் அவரைக்காயை நறுக்கிக்கொண்டே, "அதை வெச்சுட்டு அந்தத் தேங்காயை ஒடச்சுக் குடு" என்பார்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் எடுப்பது அவ்வளவு பெருமைப்படுகிற விஷயமா? அதே திருவிழாவில் ஒரு பெண் நான் எடுத்ததைக் கவனித்துவிட்டு நேராக வந்து, "என்னை எடுத்தீங்களா? அழிச்சுருங்க" என்றார். அழித்துவிட்டேன். என் கையில் பெரிய கேமரா இருந்திருந்தால் அவர் தூரத்திலேயே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், என்னிடம் வந்து கேட்க வேண்டிய சங்கடமே இருந்திருக்காது. அன்றிலிருந்து எடுத்தபின் முடிந்தவரை காட்டிவிடுகிறேன். முடியாதபோது காட்டுவதில்லை. சரியாக நடந்துகொள்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

ஒரு பழைய கதை இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் ஊரில் மைக்ரோஸ்கோப் செய்யும் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் அந்தக் காலத்துப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமா ஃபிலிமைக் கிடையாகப் போட்டு, ஒரு ஃப்ரேமை இரண்டு மடங்காக்கி, 1914 வாக்கில் கைக்கு அடக்கமான ஒரு கேமராவைச் செய்தார். 1925-ல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அவர் வைத்த ஃப்ரேம் அளவு என்ன தெரியுமா? 36க்கு 24 மில்லிமீட்டர். நாம் இன்று இரண்டு கிலோ தூக்கிக்கொண்டு ஃபுல் ஃப்ரேம் என்று பெருமை பேசுகிற அதே அளவு. அன்றைக்கு அதன் பெயர் மினியேச்சர். கோட்டுப் பையில் போடுவதற்காகப் பிறந்த சைஸ் நூறு வருஷத்தில் தோளை ஒடிக்கும் சைஸாகிவிட்டது. 1996-ல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கிய ரிக்கோ ஜிஆர் வரிசை, என் கணக்கில், பர்னாக்கின் பழைய வழியில்தான் போகிறது. ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா பெரும் பேர் வாங்கிய பிறகும் இந்த வரிசைக் கேமராக்களோடுதான் டோக்கியோ தெருக்களில் சுற்றினார்.

சரி, போன் போதாதா என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறையப் பேருக்குப் போதும். அதனால்தான் மலிவு காம்பாக்ட்கள் செத்தன. 2010-ல் ஜப்பானியக் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 12 கோடி. 2023-ல் அது 80 லட்சம்கூட இல்லை. ஒரு அங்குல சென்சார் இப்போது சில போன்களுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே அதே சென்சாருக்காக இன்று ஒருவர் தனியாகக் காம்பாக்ட் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, 200 மில்லிமீட்டர் வரை ஜூம் வேண்டும் என்றால் ஒழிய. ஏபிஎஸ்-சி சென்சாரைச் சட்டைப்பைக்குள் அடக்கியது வேறு விஷயம், அதற்குக் காசு கொடுக்கலாம். அப்புறம், போனில் எடுக்கும்போது அந்தப் படத்துக்கும் எனக்கும் நடுவே வாட்ஸ்அப் வந்து நிற்கிறது. ராத்திரியையும் போன் பகலாக்கிவிடுகிறது. எங்கள் அப்பத்தா முகத்துச் சுருக்கத்தை யாரைக் கேட்டு அது இஸ்திரி போடுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

சின்னதின் குறைகளையும் மறைக்கவில்லை. கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது, சித்திரை வெயிலில் பின்பக்கத் திரையில் என் முகம்தான் தெரியும். உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் உள்ள எந்தக் கேமராவானாலும் பைத் தூசிக்கு ஆபத்துதான். முன்பு வைத்திருந்த வேறொரு காம்பாக்ட்டில் சென்சாரில் ஒரு தூசி உட்கார்ந்து, எடுத்த வானத்தில் எல்லாம் ஒரு கரும்புள்ளி. சர்வீஸுக்குக் கொடுத்தேன், ஒரு மாதம் கழித்து இரண்டு புள்ளியாக வந்தது. இப்போது ரிக்கோவை ஒரு பழைய சாக்ஸில் போட்டு வைக்கிறேன். துவைத்த சாக்ஸ்தான்.

படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் கடனை வாங்கியாவது என் சோனி மாதிரி லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் வாங்குங்கள், இரண்டு கார்டு போடும் மாடலாக. சும்மா ஆசைக்கு என்றால் வேண்டாம். 'இப்போதைக்கு பாடி, லென்ஸை அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கிக்கலாம்' என்று குழுக்களில் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. கூட வந்த லென்ஸோடு அலமாரியில், சிலிகா ஜெல் பொட்டலத்துக்குத் துணையாகத் தூங்குகிற மிரர்லெஸ் என் சொந்தத்திலேயே நாலு இருக்கின்றன.

அண்ணாச்சி கதையை முடிக்கவில்லையே. எடை போட்டு முடித்ததும், "என்னையும் ஒண்ணு எடு தம்பி" என்றார். எதில் என்றேன். பெரியதைக் காட்டினார். கல்லாப்பெட்டி மேல் இருந்த பேப்பரையெல்லாம் ஒதுக்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, விபூதியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். 70-200-ல் எடுத்தேன். பின்னால் இருந்த ஷாம்பு சரங்கள் எல்லாம் வண்ணப் புள்ளிகளாகக் கரைந்து, ராஜா மாதிரி வந்தார். மூன்று நாளில் லேமினேட் செய்து கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

சின்னதிலும் ஒன்று எடுத்திருக்கிறேன். தராசு காட்டிய எண்ணையும் நான் சொன்ன விலையையும் சேர்த்துப் பார்த்து அவர் வாயைப் பிளந்த நொடி. அதை இன்னும் அவரிடம் காட்டவில்லை.