தூசிக்கு நடுவே மல்லிகைச் சரம்
மதுரையில் அழகைப் பார்க்க கோபுரத்துக்கோ நாயக்கர் மகாலுக்கோதான் போகணும், தெருவில் தூசியும் இரைச்சலும்தான் என்று ஒரு கட்டுரையில் படித்ததை ஏற்க முடியவில்லை. எந்தத் தெருமுனையிலும் பூ கட்டுகிறவர் எதிரே பத்து நிமிஷம் நின்று அவர் விரல்களை மட்டும் பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைத்து வாழைநாரை ஒரு சுற்று சுற்றுவார். பிறகு விரலில் ஒரு வளையம் எடுத்து காம்புகள் மேல் மாட்டி இழுப்பார். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது: இறுக்கினால் நார் காம்பை அறுத்துவிடும், தளர விட்டால் தலையில் வைத்ததும் பூ உதிரும். நார் காய்ந்திருந்தால் பாதியில் அறும், அதனால்தான் நனைத்தே வைத்திருப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மல்லிக்குத் தடித்த இதழ், நீளமான காம்பு. கட்டுவதற்கென்றே அமைந்த பூ! வாங்கிய சரம் சீக்கிரமே பழுப்பாகிறது என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூ புழுங்கி அப்படித்தான் ஆகும். உதறிவிட்டு வாழையிலையில் தளரச் சுற்றி வையுங்கள். விடியலில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்தபின்தான் அவிழும். விளக்கு வைத்த பிறகு இலையைப் பிரித்தால், வெளி இதழ் மட்டும் நெகிழ்ந்து உள்ளே இன்னும் மூடியிருக்கிற அந்த நிலையைப் பார்க்கலாம்.