அந்தப் பிள்ளை என்ன தப்பாகச் சொன்னாள்?

மூன்று நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி மண்டபத்தில், பிள்ளைகள் தாங்கள் படித்த கதைப் புத்தகத்தைப் பற்றி மேடையேறிக் கருத்து சொன்ன நிகழ்ச்சியில் இருந்தவர்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறீர்கள். மீதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நேற்று ராத்திரி அதன் கீழே "வாய்க்கொழுப்பு", "இந்த வயசிலேயே இப்படியா" என்றெல்லாம் பெரியவர்கள், அதுவும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், எழுதியிருப்பதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை அவள். ஒன்பது வயது.

வீடியோவில் பாதிதான் இருக்கிறது. அவள் பேசியதை முழுதாக எழுதிவிடுகிறேன். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவள் கையில் தாள் நடுங்கியதுகூட எனக்குத் தெரிந்தது.

"ஆட்டுக்குட்டி யார்கிட்டயும் சொல்லாம மலைக்கு அந்தப் பக்கம் போச்சு. அங்க கெணத்துல தண்ணி இருக்கறத கண்டுபிடிச்சுது. திரும்பி வந்து சொன்னுச்சு. எல்லா ஆடும் போய் தண்ணி குடிச்சுது. ஆனா கடைசியில அந்தக் குட்டிதான் மன்னிப்பு கேக்குது. தண்ணி குடிச்ச யாரும் அதுக்கு நன்றி சொல்லல. அதனால எனக்கு இந்தக் கதை பிடிக்கல."

தாளைத் திருப்பினாள். அதற்குள் சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "யாரு பாப்பா உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது? பெரியவங்க எழுதினதுல குறை சொல்லக் கூடாது. அதிகப்பிரசங்கித்தனம் வேணாம், நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார். கூட்டம் சிரித்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து ஏறிய ஏழு பிள்ளைகளும் "கதை மிகவும் அருமையாக இருந்தது" என்றார்கள். ஏழு பேரும் அதே வாக்கியம். ஏழு பேருக்கும் கைதட்டல்.

நான் கேட்பது ஒன்றுதான். பேனரில் கொட்டை எழுத்தில் என்ன போட்டிருந்தீர்கள்? குழந்தைகள் கருத்து சொல்லும் நிகழ்ச்சி என்றுதானே? கருத்து கேட்டீர்கள், சொன்னாள். பிடிக்கவில்லை என்பதும் கருத்துதான். "அருமை" மட்டும்தான் வேண்டும் என்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

அவள் சும்மா பிடிக்கல என்று சொல்லிவிட்டு இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரால் பலன் வந்தது, யார் பலனை அனுபவித்தார்கள், கடைசியில் யார் தலை குனிந்தார்கள் என்று பார்த்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தை நானும் படித்தேன், இரண்டு முறை. எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தால், ஆமாம், கடைசிப் பக்கத்தில் குட்டி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, சுற்றி நிற்கிற ஆடுகளெல்லாம் வயிறு நிறைந்து நிற்கின்றன.

"நீதான் சொல்லிக் கொடுத்து ஏற்றிவிட்டாய்" என்கிறார்கள். நேரில் சொல்ல வேண்டியதை உள்பெட்டியில் வந்து சொன்னவர்களும் உண்டு. சரி, இதற்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருஷமாக ஞாயிறு தோறும் பன்னிரண்டு, பதினான்கு பிள்ளைகள் கூடிப் படிக்கிறோம். கோடையில் தரை ஆறி உட்காரும்படி ஆகச் சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடும், மற்ற மாதங்களில் நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவோம். அங்கே நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு சொல். "ஏன்?" பிடிச்சிருக்கு என்றாலும் ஏன், பிடிக்கல என்றாலும் ஏன். இது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த "ஏன்"னுக்கு வந்த பதில்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு படக்கதையில் அம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அடுப்பங்கரையிலேயே நிற்கிறாள். ஒரு பையன் சொன்னான்: "எங்க அம்மா ஆறரைக்கே ஷூ கம்பெனி வண்டி ஏறிடுவாங்க அத்தை. தோசை நைனாதான் சுடுவாரு. இந்த அம்மாவுக்கு வேலை கெடைக்கலையா?" ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் எத்தனை வீட்டுப் பெண்கள் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டாமா? அந்தப் பையன் சொல்லாவிட்டால் யார் சொல்லுவார்கள்?

இன்னொரு புத்தகத்தில் வருஷம் முழுக்க ஆறு ஓடுகிறது. "பொய்க் கதை, ஆத்துல மணல்தான் இருக்கும்" என்று ஒரு சின்னது அடித்துச் சொல்லியது. பாலாற்றைத் தவிர வேறு ஆறு பார்த்திராத பிள்ளை. உடனே பெரிய பையன் ஒருவன் எழுந்து, 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தின் மேலிருந்து நைனா தோளில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னான். தண்ணீர் என்ன நிறம், என்னென்ன அடித்துக்கொண்டு போனது, எப்படிச் சத்தம் வந்தது என்று கால் மணி நேரம் பேசினான். அவன் அதுவரை எங்கள் மாடியில் வாயே திறக்காதவன். அந்தப் புத்தகம் நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்பதை அன்றைக்கு நாங்கள் முடிவு செய்யவே இல்லை. "பொய்க் கதை" என்று அந்தச் சின்னது சொன்ன பொழுதே வாயை அடக்கியிருந்தால் இந்தப் பையன் இன்றைக்கும் பேசியிருக்க மாட்டான்.

அப்புறம், எந்தப் புத்தகம் கொடுத்தாலும் "நல்லா இல்ல" என்ற ஒருவன். ஆறு வாரம் அதே பதில். எனக்கே கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனதில், "எழுத்து ஆடுது அத்தை" என்றான். கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி அவன் அம்மாவிடம் சொன்னேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு மாதம் எட்டுப் புத்தகம் படிக்கிறான். அவனை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்திருந்தால்?

நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். 1931இல் வெளிவந்தவை, உலகம் முழுக்க நூலகத் துறையில் இன்றைக்கும் பாடமாக இருப்பவை. அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். பிள்ளை வாயைத் திறந்து "இது எனக்கு வேணாம்" என்று சொன்னால்தானே அவளுக்குரியது எது என்று நமக்குத் தெரியும்? அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து வந்திருக்கின்றன, அதையும் இதே எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமும் பிடிக்காது.

"ஓசியில் கொடுத்த புத்தகத்துக்குக் குறை வேறா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாற்பது பேர் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். என்னை அதிகம் சுட்டது இதுதான். கொடுத்தவர்கள் நல்ல மனசோடு கொடுத்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓசியில் செருப்பு கொடுத்தாலும் கடித்தால் பிள்ளை கடிக்கிறது என்றுதான் சொல்லும். ஏழைப் பிள்ளை என்றால் கடிக்கிற செருப்போடு சிரித்துக்கொண்டே நடக்க வேண்டுமா? இதே பேச்சை நூலகத்துப் புத்தகத்துக்கும் பேசுகிறீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று சேர்த்துத்தான் கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுக்கிறவர்கள்தான். அது ஓசி இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா காசும் அதில் இருக்கிறது.

எழுதியவர் மனசு நோகும் என்பதை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. நோகும்தான். ஆனால் தமிழில் குழந்தைகளுக்கு எழுதுவதை விளையாட்டாக நினைக்காத பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள். அழ. வள்ளியப்பா முயற்சியில் 1950இலேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் ஏற்பட்டது. குழந்தைகளுக்கு எழுதுவது அத்தனை பெரிய வேலை என்றால் குழந்தை சொல்வதைக் கேட்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். அந்த ஆட்டுக்குட்டிக் கதையை எழுதியவர் அன்றைக்கு மண்டபத்தில் இல்லை. இருந்திருந்தால் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்காக இவர்கள் கோபப்பட்டார்கள்.

எதிர்மறையாக வளர்ந்துவிடும் என்று சொன்னவர்களுக்கு, நாளைக்கு ஒருவன் தப்பாகத் தொட்டால் "பிடிக்கல" என்று சொல்ல வேண்டிய பிள்ளை அவள். இதற்கு மேல் நான் விளக்க மாட்டேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார், அவருக்குத் தன் கையெழுத்து மட்டும்தான் எழுத வரும். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும் நூலும். அவர் விரல் ஓடிக்கொண்டே இருக்க, நான் எதிரில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். ஆயிரம் பீடி முடிய ஒரு கதைப் புத்தகம் முடியும். நடுநடுவே அவர் தீர்ப்புச் சொல்வார். "இன்னாடி இது, இந்த ராஜாவுக்கு வேற வேலையே கெடையாதா?" "அந்தப் பொண்ணு இன்னா தப்பு செஞ்சான்னு அவளக் காட்டுக்கு அனுப்பறான்?" சில கதைக்கு விரல் நின்றுவிடும். அப்போது நூலை இழுக்காமல் "உம், அப்புறம்?" என்பார். அந்த நின்ற விரலைப் பார்த்துத்தான் எது நல்ல கதை என்று நான் தெரிந்துகொண்டேன். படிக்காத என் அம்மா கதையைக் குறை சொன்னது எந்த எழுத்தாளருக்கும் அவமரியாதை ஆகவில்லை. அவர் அளவுக்குக் கதையை மதித்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

1989இல் நான் ஐந்தாம் வகுப்பு. வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருஷம். நோட்டு அட்டையில் எழுதியிருந்த மாவட்டப் பெயரை அடித்துவிட்டு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று மாற்றி எழுதியது ஞாபகம் இருக்கிறது. அந்த நோட்டில்தான், படித்த கதையைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னபோது, "கதையில் வரும் அண்ணன் தங்கையை அடிக்கிறான், யாரும் கேட்கவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. வகுப்பு முன்னால் நிற்க வைத்து, "கதை மிகவும் நன்றாக இருந்தது" என்று ஐம்பது முறை எழுத வைத்தார்கள். எழுதினேன். அதற்குப் பிறகு பத்து வருஷம் எந்த இடத்திலும், எதைப் பற்றியும் எனக்கு என்ன தோன்றுகிறது என்று நான் சொன்னதில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தபோது பிடிச்சிருக்கா என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். என் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு என் வாயில் வேறு பதில் இருந்திருக்க முடியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதே 1989இல் நவம்பர் 20ஆம் தேதி ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு வயதுக்கேற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்துவிட்டது. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். தெரிந்த அன்று அந்த நோட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் எனக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். என் மாடிக்கு வந்து காபி குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டுப் போனவர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் சிரித்தீர்கள். ஒருவராவது எழுந்து "அவ முடிக்கட்டுமே" என்று சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்த ஒரு நிமிஷம் நானும் ஐந்தாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அவள் புத்தகம் மாற்ற வந்தாள். புதிதாக ஒன்றை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத படிச்சா பிடிச்சிருக்குன்னுதான் சொல்லணுமா அத்தை?" என்று கேட்டாள்.

அவள் மேடையில் வைத்திருந்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. வீடியோவில் அவள் திருப்புகிறாள் பாருங்கள், அந்தப் பின்பக்கத்தில் இருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே போடுகிறேன்:

"எணக்கு பிடித்தது. குட்டி கிணற்றை எட்டி பார்க்கும் படம். தன்னியில் அதோட முகம் தெரியும். நான் நாலு தடவை பார்த்தேன். இந்த கதையை எழுதியவர் இன்னொரு கதை எழுதனும். அதில் எல்லா ஆடும் குட்டியை முன்னால் நடக்க விடனும். அதை நான் கண்டிப்பாக படிப்பேன்."