டயர் தடம் இல்லையென்றால் வேண்டுமென்றே மோதியதா?

குடும்பத்தோடு கார் விபத்தில் இறந்தவர்களைப் பற்றி இப்படியொரு பேச்சு சுற்றுகிறது: “சாலையில் டயர் தடமே இல்லை, பிரேக் போடவில்லை, அப்பாவே வேண்டுமென்று மோதினார்.” இந்த முடிவு தவறு.

பிரேக் போட்டு அழுத்தமான கறுப்புத் தடம் விழ, சக்கரம் சுழலாமல் இறுகித் தேய வேண்டும். ஏபிஎஸ் (சக்கரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) இருப்பதே அதைத் தடுக்கத்தான். பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்கும். பலங்கொண்ட மட்டும் மிதித்தாலும் தடம் மங்கலாகத்தான் விழும், ஈரச் சாலையில் அதுவும் சந்தேகம். ஓட்டியவர் கண்ணயர்ந்திருந்தால், மயங்கியிருந்தால் பிரேக்கே மிதிபடாது. (தூக்கத்துக்கும் தற்கொலைக்கும் வித்தியாசம் தெரியாமலா எழுதுகிறார்கள்?)

பிரேக் மிதிபட்டதா என்பதைப் பல புதிய கார்களின் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி, மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடிகளுக்குப் பதிவு செய்திருக்கும். ஓட்டியவருக்கு மாரடைப்பா என்பதைப் பிரேதப் பரிசோதனையில்தான் தேடுவார்கள்.