அந்த வீடியோவும் 'மசாஜ்காரி'யின் பதிலும்

ஸ்ட்ரோக் நோயாளி தேறுவாரா என்று ஏஐயை வைத்துக் கணிப்பது பற்றி ஒரு டாக்டர் மேடையில் பேசிய அதே வீடியோவைத்தான் முந்தாநாளிலிருந்து பிசியோதெரபிஸ்டான எனக்கு ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "உங்க ஃபீல்டுதானே, பார்த்தீங்களா?" பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். அதன் கீழே நான் போட்ட கமெண்ட்டுக்கு வந்த பதில்களையும் படித்தேன். யார் பேசியது, எந்த மேடை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள்.

மேடையில் காட்டிய ஆராய்ச்சியில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஸ்ட்ரோக் வந்தவரின் மூளை ஸ்கேனை ஒரு டீப் லேர்னிங் மாடலிடம், அதாவது பழைய தரவுகளைப் பார்த்துப் பழகிய கணினி நிரலிடம் கொடுத்தால், மூன்று மாதம் கழித்து அவர் எந்த நிலையில் இருப்பார் என்று அது கணிக்கும். பல நாடுகளில் பல வருடமாகச் செய்து பார்க்கிற வேலைதான். ஐஎஸ்எல்இஎஸ் என்று இதற்கொரு போட்டியே நடக்கிறது. 2016இல் ஸ்கேன்களைக் கொடுத்து 90ஆம் நாள் நிலையைக் கணிக்கச் சொன்னார்கள். செய்யட்டும், நல்லதுதான்.

என் கோபமெல்லாம் அந்தப் பேச்சின் கடைசிப் பகுதி மேல். "இவர் தேறமாட்டார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டால், ஏழைக் குடும்பங்கள் பிசியோதெரபிக்கு மாதக்கணக்கில் காசைக் கொட்ட வேண்டியதில்லை." உடனே கைதட்டல்.

நான் கீழே போட்டது ஒரே வரி. "தெரபி கொடுக்காமல் விட்டால் கணிப்பு கண்டிப்பாகப் பலிக்கும் டாக்டர்." அதற்கு ஒருவர், "மசாஜ் பண்றவங்களுக்குப் பயம் வந்திருச்சு டோய்" என்று எழுத, சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. சிரித்தவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். சரி. மசாஜ்காரியே பேசுகிறேன், கேளுங்கள்.

அந்த மாடல் எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. பழைய நோயாளிகளைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஸ்கேன்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 90ஆம் நாள் போட்ட ஒரு எண். அந்த எண் 0 முதல் 6 வரை போகும் ராங்கின் அளவுகோல். 0 என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை, 5 என்றால் படுத்த படுக்கை, 6 என்றால் இறந்துவிட்டார். ஸ்கேன் எடுப்பது முதல் நாள், எண் போடுவது தொண்ணூறாவது நாள். நடுவில் என்ன நடந்தது? அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டார்களா, நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வந்ததா, படுக்கைப் புண் வந்ததா, விழுங்க முடியாதவருக்கு யாராவது அவசரப்பட்டுக் கஞ்சியை ஊற்றினார்களா, எழுப்பி உட்காரவைக்க வீட்டில் ஆள் இருந்ததா, தெரபி கிடைத்ததா? முதல் நாள் ஸ்கேனில் இதெல்லாம் எங்கே இருக்கும்? ஆனால் அந்த எண்ணில் எல்லாமே இருக்கிறது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணிப்பை வைத்து சிகிச்சையை நிறுத்தினால், கணிப்பு சரியா தப்பா என்று சோதிக்கவே வழியில்லாமல் போகும். தானே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும். இது என் மசாஜ் மூளையில் உதித்த தத்துவம் இல்லை. 2001இலேயே அமெரிக்காவில் பெக்கர் என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவினரும் மூளை ரத்தக்கசிவு நோயாளிகளை வைத்து இதை எழுதினார்கள். 'இவர் பிழைக்கமாட்டார்' என்று நினைத்து உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குகிறார்கள், அவர் இறக்கிறார். 'இப்படிப்பட்டவர்கள் இறப்பார்கள்' என்று புள்ளிவிவரத்தில் ஏறுகிறது. அடுத்த டாக்டர் அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி அடுத்தவருக்கும் விலக்குகிறார். தொடக்க நாட்களிலேயே அவசரப்பட்டு அப்படி முடிவெடுக்காதீர்கள் என்று அந்த நாட்டு வழிகாட்டு நெறிகளே பிறகு சொல்லவேண்டி வந்தது.

இன்னொன்று, இன்னும் பக்கத்துக் காலத்தில் நடந்தது. மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பது பெரிய பலன் தரும் என்று 2015இல் வந்த ஆய்வுகள் நிரூபித்தன. ஆனால் சிடி ஸ்கேனுக்குப் பத்துக்கு மார்க் போடும் ஆஸ்பெக்ட்ஸ் என்ற கணக்கில் ஆறுக்குக் கீழே போனவர்களைப் பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக்குச் சேர்க்கமாட்டார்கள். மூளை ஏற்கெனவே நிறையப் போய்விட்டது, இனி எடுத்து என்ன பயன் என்று. 2022இல் ஜப்பானிலும் 2023இல் சீனாவிலும் அமெரிக்காவிலும் அதே மோசமான ஸ்கேன்காரர்களுக்கு எடுத்துப் பார்த்தார்கள். எடுக்காதவர்களைவிட எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். எல்லோரும் எழுந்து ஓடவில்லைதான். ஆனாலும் தெளிவான பலன் இருந்தது. இப்போது யோசியுங்கள். 2021 வரையிலான நோயாளிகளை மட்டும் வைத்து ஒரு மாடலைப் பழக்கியிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? 'இவர்கள் தேறமாட்டார்கள்.' அதுவும் பெரிய துல்லியத்தோடு சொல்லியிருக்கும்.

துல்லியம் என்றதும் ஞாபகம் வருகிறது. கணிப்பின் தரத்தைக் காட்டும் ஏயூசி என்ற அளவு 0.80 என்று அந்த வீடியோவில் ஒரு ஸ்லைடு வந்தது அல்லவா? கீழே ஒருவர், "80% கரெக்டா சொல்லுதாம், எங்க ஊர் டாக்டரைவிட பெட்டர்" என்று புல்லரித்திருந்தார். அண்ணே, அது அப்படி இல்லை. தேறிய ஒருவரையும் தேறாத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி, இதில் தேறியவர் யார் என்று கேட்டால், நூற்றுக்கு எண்பது ஜோடியில் சரியாகச் சொல்லும் என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு எண்பது சதவீதம் என்று அர்த்தமில்லை. மாடலைப் பழக்கிய மருத்துவமனையின் மெஷினில் எடுத்த ஸ்கேனில் வந்த எண் நம் ஊர் மெஷினிலும் வரும் என்றும் உத்தரவாதமில்லை. கோவிட் சமயத்தில் நெஞ்சுப் படங்களைப் பார்த்துச் சொல்கிறேன் என்று மாடல்கள் குவிந்தனவே, அவற்றைப் பற்றிய 62 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து 2021இல் அலசினார்கள். சிகிச்சைக்குப் பயன்படும் நிலையில் ஒரு மாடல்கூட இல்லை.

சரி, தேறுவது என்றால் என்ன? அதை யாராவது கேட்டீர்களா? இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் 0 முதல் 2 வரை நல்ல முடிவு, 3 முதல் 6 வரை மோசமான முடிவு. நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். 3 என்றால் யார் தெரியுமா? சில வேலைகளுக்கு ஆள் துணை வேண்டும், ஆனால் தானாக நடக்கிறவர்.

எனக்கு ஒரு டெய்லரைத் தெரியும். மூளையின் இடது பக்கம் பெரிய அடைப்பு. வலது கையும் பேச்சும் போய்விட்டன. மகன் சிடி ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாதி மூளை கறுப்பா இருக்கு மேடம், இதுக்கப்புறமும் செலவு பண்ணணுமா?" என்றான். திட்டத் தோன்றியது, திட்டவில்லை. வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்த்த பையன் அவன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அவருக்குப் பேச்சு இன்றுவரை சரியாக வரவில்லை. வலது கை மடிந்தேதான் இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்து தைக்கப்போவதில்லை. ஆனால் தெருமுனை வரை தனியாக நடக்கிறார், கடையில் உட்கார்ந்து இடது கையால் துணிக்கு அடையாளம் போடுகிறார், மகன் தப்பாக வெட்டினால் மேஜையைத் தட்டுகிறார். சட்டைப் பொத்தான் போட இன்னும் மனைவி வேண்டும். ஆகவே அவர் 3. ஆகவே அந்த ஸ்லைடின்படி மோசமான முடிவு.

அதே காலத்தில் வந்த ஒரு அம்மாவுக்கு ஸ்கேனில் சின்னப் புள்ளி. ஆராய்ச்சிக் கணக்கில் நல்ல முடிவு. அவர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். பேரனைக் கையில் கொடுத்தால் போட்டுவிடுவேனோ என்று அழுவார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதை அந்த வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கதை நீளம், இன்னொரு நாள்.

இப்போது வருவீர்கள் என்று தெரியும். "அப்போ நீங்க ஏஐக்கு எதிரி." இல்லை ஐயா. ஸ்ட்ரோக்குக்குச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளையில் 19 லட்சம் நியூரான்கள் சாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் பெரிய அடைப்பு இருக்கிறதா என்று உடனே கண்டுபிடித்து டாக்டரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். நரம்பியல் நிபுணரே இல்லாத ஊரில் அது வந்தால் நான் வாசலில் கோலம் போட்டு வரவேற்பேன். அது கதவைத் திறக்க வந்த மெஷின். நீங்கள் கைதட்டியது கதவைச் சாத்த வந்ததற்கு.

"டாக்டர்களும் கணிக்கத்தானே செய்கிறார்கள்?" ஆமாம், நாங்களும்தான் கணிக்கிறோம். நியூசிலாந்தில், ஆக்லாந்தில், ஸ்டினியர் என்பவரின் குழு கை எவ்வளவு தேறும் என்று கணிக்க ஒரு முறை வைத்திருக்கிறது. மூன்றாவது நாள் தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி மார்க் போடுவதுதான் அதில் முதல் படி. மார்க் குறைந்தால் அடுத்தடுத்த சோதனை. முதலில் வந்த முறையில் எம்ஆர்ஐயும் இருந்தது. 2017இல் திருத்தியபோது அது இல்லாமலே சுமார் 75 சதவீதம் பேருக்குச் சரியாக வருகிறது என்று எம்ஆர்ஐயைத் தூக்கிவிட்டார்கள்! அதைவிட முக்கியம், அந்தக் கணிப்பு எதற்கு? எந்த மாதிரி தெரபி கொடுக்கலாம் என்று திட்டமிட. தெரபி வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்ப இல்லை. கிளி ஜோசியக்காரர்கூட கண்டம் இருக்கிறது, பரிகாரம் பண்ணு என்பார். பரிகாரமே பண்ணாதே என்கிற ஜோசியத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரு தம்பி, மருத்துவ மாணவர் போல, ஆய்வுக் கட்டுரையோடு வந்தார். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்துச் செய்த அட்டெண்ட் ஆய்வு, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்ததில் பலன் தெரியவில்லை, அப்புறம் எதற்கு பிசியோ என்கிறார். படித்திருக்கிறேன் தம்பி. அதில் வீட்டில் பயிற்சி கொடுத்தது குடும்பத்தார். பயிற்சி பெற்றவர் செய்வதை வீட்டு ஆளிடம் ஒப்படைத்தால் போதாது என்றுதான் எனக்கு அதில் தெரிகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தெரிந்தால் அது உங்கள் இஷ்டம். இதைப் பற்றி மேலே வாதாட எனக்கு இப்போது பொறுமை இல்லை.

எனக்கு வலிப்பது வேறு. டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியாக 'பிசியோதெரபி செய்யவும்' என்று ஒன்று இருக்கும். எங்கே, எத்தனை மாதம், யார் செய்வது, ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வைத்துத்தான் நாங்கள் வருடக்கணக்காக முட்டி தேய நிற்கிறோம். சிலர் நேராக வருவதுமில்லை. புறா ரத்தம் தடவி, எங்கேயோ எண்ணெய் போட்டு உருவி, தோள் மூட்டு இறங்கிய பிறகுதான் வருவார்கள். மேடையில் ரேடியாலஜி, நியூராலஜி, இன்ஜினியரிங் எல்லாவற்றுக்கும் நாற்காலி இருந்தது. நோயாளியின் கையைத் தினமும் தொடுகிற ஒருத்தருக்கும் இல்லை. கேட்டால் மசாஜ்.

அப்புறம் அந்த 'ஏழைக் குடும்பம்'. என்ன கருணை! அதே ஸ்கேன், அதே கறுப்பு, ஒரு பணக்காரரின் அப்பாவுக்கு இருந்தால் மெஷின் என்ன சொன்னாலும் வீட்டுக்கே காலையும் மாலையும் ஆள் வரும். 'பயனில்லை' என்ற சீட்டை வாங்கிக்கொண்டு அரசு பஸ் ஏறப்போகிறவர் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்குச் செலவுதான் பிரச்சினை என்றால் செலவைக் குறையுங்கள். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோ கொடுப்பதும் சேர்த்தி. அதற்கு இன்னும் ஆள் போடுங்கள், வாரத்துக்கு இன்னும் சில முறை போகவையுங்கள் என்று அந்த மேடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே. காசை மிச்சப்படுத்த ஒரே வழி, அவர் காலை நிமிர்த்தாமல் விடுவதா?

இனி எந்த மேடையிலாவது இந்த ஸ்லைடு வந்தால், கீழே இருப்பவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள். மாடலைப் பழக்கிய நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தெரபி கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது, அந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறதா? இருக்கிறது என்று காட்டினால் நானும் எழுந்து நின்று கைதட்டுகிறேன். மசாஜ் என்று எழுதியவரும் சிரித்தவர்களும் இங்கே வந்து மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அந்த இரண்டு நண்பர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.