வாத்து நன்றாக வேக வேண்டும்

பாரிஸ் 11ஆம் வட்டாரத்தில் ஒரு சிறிய பிஸ்த்ரோ, அதாவது எளிமையான பிரெஞ்சு உணவகம். நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை, இரவு எட்டு மணி. சிவராசா வேறொரு பிஸ்த்ரோவில் சமையற்காரர். குசினியில் (சமையலறையில்) பாத்திரம் கழுவத் தொடங்கி அடுப்படி வரை உயர்ந்தவர். ஆனால் வாடிக்கையாளராக ஒரு பிஸ்த்ரோவில் உட்காருவது இதுவே முதல் தடவை. கமலா அவருடைய மனைவி. இன்று திருமண நாள். புறநகரான லா கூர்னேவிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

கமலா: எங்கே போகிறீர்கள்? மேசை இந்தப் பக்கம்.

சிவராசா: கால் தானாகக் குசினிப் பக்கம் போய்விட்டது.

கமலா: இன்று குசினி என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு யூரோ தண்டம். அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

சிவராசா: சரி, உட்கார்ந்துவிட்டேன்.

(எதிர்ச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. சின்ன இடத்தைப் பெரிதாகக் காட்ட பிஸ்த்ரோக்காரர்கள் செய்கிற வேலை. சிவராசாவுக்கு அதில் குசினிக் கதவு முழுதாகத் தெரிகிறது.)

கமலா: கண்ணாடியில் என்ன பார்க்கிறீர்கள்?

சிவராசா: தலைமுடி கலைந்திருக்கிறதா என்று...

கமலா: இருக்கிற முடிக்கு இவ்வளவு நேரமா?

சிவராசா: நீர் அந்தக் கரும்பலகையைப் பாரும். வெண்கட்டியால் எழுதியிருக்கிறார்கள். முன் உணவு நாலு, பிரதானம் நாலு, இனிப்பு மூன்று. அவ்வளவுதான். அச்சடித்து எட்டுப் பக்கம் நீட்டினால் பாதி உறைபெட்டியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். இவர்கள் சந்தையில் என்ன வந்ததோ அதைச் சமைக்கிறார்கள்.

கமலா: சந்தையில் என்ன வந்தது? லீக்ஸ் வினேகிரெட். அவித்த லீக்ஸ் தண்டில் வினாகிரியும் எண்ணெயும் ஊற்றியதற்கு ஒன்பது யூரோ! ஒன்பது யூரோவுக்கு நான் லீக்ஸ் வாங்கினால் தூக்கி வருவதற்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சிவராசா: அப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது. பொருளின் விலையை மூன்றாலோ நாலாலோ பெருக்கினால்தான் கடை வாடகை, மின்சாரம், என்னைப் போன்றவனின் சம்பளம் எல்லாம் வரும்.

கமலா: உங்கள் சம்பளம் லீக்ஸிலிருந்துதான் வருகிறதா? அப்படியென்றால் இன்னும் இரண்டு யூரோ கூட்டலாம்.

சிவராசா: நான் முட்டை மயோனெஸ் எடுக்கிறேன்.

கமலா: அவித்த முட்டையைத் தின்னவா நான் இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன்?

சிவராசா: அப்படிச் சொல்லாதேயும். இந்த நாட்டில் முட்டை மயோனெஸைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. போட்டி வைத்து உலகச் சாம்பியன் பட்டம் கொடுக்கிறார்கள்.

கமலா: சங்கம் ஒன்றுதானா?

சிவராசா: ஒன்றுதான்.

கமலா: இன்னும் உடையவில்லையா? தலைவரும் செயலாளரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா? நம் பழைய மாணவர் சங்கத்துக்கு இந்த முட்டையை ஒரு தடவை காட்ட வேண்டும்.

(வெயிட்டர் வருகிறார். மினரல் தண்ணீர் வேண்டுமா என்று மிகவும் பணிவாகக் கேட்கிறார். சிவராசா அதைவிடப் பணிவாக, குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை போதும் என்கிறார். பிறகு வைன்.)

சிவராசா: பொஜோலே நூவோ ஒரு போத்தல் சொல்லிவிட்டேன். புது வைன் இன்றுதான் வெளியே வருகிறது. 1985 முதல் நவம்பர் மூன்றாவது வியாழன் என்று வைத்திருக்கிறார்கள்.

கமலா: நல்ல மனிதர்கள். வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தால் நமக்கு மரக்கறி. லீக்ஸோடு எழுந்திருக்க வேண்டியதுதான்.

(வெயிட்டர் தக்கையை எடுத்து, சிவராசாவின் கிண்ணத்தில் ஒரு மிடறு மட்டும் ஊற்றிவிட்டு நிற்கிறார். சிவராசா அதைக் குடித்துவிட்டு அவரைப் பார்க்கிறார். அவரும் சிவராசாவைப் பார்க்கிறார்.)

கமலா: ஏன் இவ்வளவு கொஞ்சம்? நம்மிடம் காசு இருக்காது என்று நினைத்துவிட்டாரா?

சிவராசா: இல்லை. தக்கையால் வைன் கெட்டிருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்கிறார். கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மணக்கும்.

கமலா: அந்த மணம் உங்களுக்குத் தெரியுமா?

சிவராசா: தெரியாமல் என்ன? எங்கள் குசினிக்குக் கீழே இருக்கிற நிலவறை முழுக்க அதுதான்.

கமலா: ஒரு யூரோ. தலையை ஆட்டுங்கள், மனிதர் கால்கடுக்க நிற்கிறார்.

(சிவராசா தலையை ஒரு பக்கமாக ஆட்டுகிறார். அது சம்மதமா மறுப்பா என்று வெயிட்டருக்குப் புரியவில்லை.)

கமலா: என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே ஆட்டுத்தான். ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். (வெயிட்டரிடம் சிரித்தபடி பிரெஞ்சில்) ஊற்றுங்கள், நன்றாக இருக்கிறதாம்.

சிவராசா: குடித்துப் பாரும். எப்படி?

கமலா: வாழைப்பழம் மணக்கிறது.

சிவராசா: சரியாகச் சொன்னீர்! கமே என்கிற திராட்சை. பழத்தை உடைக்காமல் முழுக்குலையாகத் தொட்டியில் போட்டுச் சீக்கிரம் நொதிக்க வைக்கிறார்கள். அதனால் அப்படி மணக்கும் என்று எங்கள் வைன்காரர் சொல்லுவார். செப்டெம்பரில் பறித்தது, நவம்பரில் போத்தலில்.

கமலா: இரண்டு மாத வைனுக்கா இத்தனை ஆரவாரம்? என் எலுமிச்சை ஊறுகாய்க்கு இதைவிட வயது கூட. அதற்கு யாரும் வாசலில் விளம்பரம் ஒட்டவில்லை.

(முன் உணவு வந்து போகிறது. முட்டையைப் பற்றிச் சிவராசா சொல்வதற்கு நிறைய இருந்தது. கமலா பணப்பையைத் திறந்து காட்டியதும் விழுங்கிக்கொண்டார். லீக்ஸை அவள் கடைசித் துளி வினேகிரெட் வரை பாண் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.)

கமலா: பாண் இன்னொரு கூடை கேட்கலாமா? இதற்கும் மூன்றாலே பெருக்குவார்களா?

சிவராசா: பாணுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் சாப்பாட்டோடு தனிக்காசு வாங்க முடியாது. 1967இலேயே போட்ட விதி.

கமலா: 1967! இதைத் தெரிந்துகொண்டே இத்தனை வருடம் என்னை ஒரு பிஸ்த்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

சிவராசா: வாத்து நெஞ்சுக்கறி சொல்லும்போது வெயிட்டரிடம் தனியாக என்னவோ சொன்னீரே, என்ன?

கமலா: நன்றாக வேகவைக்கச் சொன்னேன்.

சிவராசா: கமலா! அது நடுவில் ரோசா நிறமாக இருக்க வேண்டும்.

கமலா: ரோசா நிறத்தில் எனக்குச் சேலை இருக்கிறது, போதும்.

சிவராசா: உமக்குத் தெரியாது. அப்படி ஒரு சீட்டு உள்ளே வந்தால் குசினியே ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தும்.

கமலா: இரண்டு யூரோ.

சிவராசா: பாரும், கண்ணாடியில் பாரும்! சீட்டைப் படித்துவிட்டான். தலையை வெளியே நீட்டி யாரென்று பார்க்கிறான். ஐயோ, நம் பொடியன் போலிருக்கிறது.

கமலா: பாரிஸில் எந்தக் குசினிக் கதவைத் திறந்தாலும் யாராவது ஒருவர் நம் ஆள்தானே.

சிவராசா: இப்போது நீர் சொன்னீர். ஒரு யூரோ கழியும்.

கமலா: தண்டம் விதித்தவளுக்குத் தண்டம் கிடையாது. உள்ளே என்ன சத்தம்?

சிவராசா: "அண்ணை, வாத்து நன்றாக வேக வேண்டுமாம். வந்திருப்பது நம் சனம்தான்" என்று தமிழில் கத்துகிறான். என் மானம் போயிற்று.

(வாத்து வருகிறது. ஒரு தட்டில் அத்திப்பழச் சாறும் கிழங்கு மசியலும், நன்றாக வெந்த துண்டுகளும். அருகில் யாரும் கேட்காத சின்னக் கிண்ணம் ஒன்று. அதில் கட்டைச் சம்பல், நம் ஊர் மிளகாய்த் துவையல்.)

சிவராசா: இது அநியாயம். அத்திப்பழச் சாற்றுக்குப் பக்கத்தில் சம்பலா? முதலாளி பார்த்தால் அவனை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.

கமலா: நீங்கள் தொட வேண்டாம்.

சிவராசா: பாணுக்கு மட்டும் கொஞ்சம் தாரும்.

கமலா: வாத்தில் போடுகிறீர்களே.

சிவராசா: ஓரத்தில்தான் போடுகிறேன்.

(கிண்ணம் காலியாகிறது. ஓரம் முழுத் தட்டுக்கும் பரவிவிட்டது. அடுத்து பாலாடைக்கட்டி: மரப்பெட்டியோடு வந்த மோன் தோர்.)

கமலா: இது என்ன, இப்படி மணக்கிறது?

சிவராசா: ஜூரா மலைப்பக்கத்து மோன் தோர். ஆகஸ்ட் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் செய்யலாம். ஊசியிலை மரப்பட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

கமலா: நான் கருவாடு பொரித்தால் கீழ்வீட்டு அம்மையார் ஐந்து நிமிடத்தில் வந்து கதவைத் தட்டுகிறார். இதைப் பெட்டியோடு மேசையில் வைத்தால் மரியாதையா? (சாப்பிட்டுப் பார்த்து) ம். அந்தக் கரண்டியை இங்கே தாருங்கள்.

சிவராசா: இனிப்புக்கு வைனில் வேகவைத்த பேரிக்காய் ஒன்று சொல்லி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கமலா: பாவம், பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாகிறது. இன்னும் பில் கொடுக்கவில்லை.

சிவராசா: கேட்காமல் பில்லை வைத்தால் எழுந்து போ என்று சொல்வதாகிவிடும். நாம் கேட்கிறவரை கொண்டுவரமாட்டார்கள். விடியும்வரைகூட உட்காரலாம்.

(வெயிட்டர் பேரிக்காயைக் கொண்டு வருகிறார். கூடவே யாரும் சொல்லாத இன்னொரு தட்டு: பால் கஸ்டர்டில் மிதக்கும் வெள்ளைக்கரு நுரை, மேலே கருக்கிய சீனி. "குசினியிலிருந்து, அம்மையாருக்கு" என்கிறார்.)

கமலா: எனக்கா! அக்காவுக்கென்று அனுப்பியிருக்கிறான், எவ்வளவு நல்ல பிள்ளை. பார்த்தீர்களா?

சிவராசா: இதில் என்ன இருக்கிறது? நம் பெண்கள் யாராவது வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் நானும் இப்படித்தான் ஒரு தட்டு அனுப்புவேன்.

கமலா: அனுப்புவீர்களா?

சிவராசா: எத்தனை தடவை அனுப்பியிருக்கிறேன்!

கமலா: யாருக்கு?

சிவராசா: ...பேரிக்காய் நன்றாக வெந்திருக்கிறது.

கமலா: யாருக்கு அனுப்பினீர்கள்?

சிவராசா: நேரமாகிறது. பில்லைக் கேட்போமா?

கமலா: அவசரமில்லை. நாம் கேட்கிறவரை கொண்டுவரமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? விடியும்வரைகூட உட்காரலாம். சொல்லுங்கள், முதல் தட்டு யாருக்கு?