கல்லில் உள்ள சொல் ‘தோற்கடித்தார்’ என்பதே

ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஒக்ரோபர் 31 அன்று கொல்லப்பட்டார் என முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடு நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதாக ஒருவர் எழுதியது பலராலும் அப்படியே பகிரப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்து அக்கல்லின் வாசகம், இவ்விடத்துக்கு அண்மையில் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று கூறி அந்தத் திகதியைத் தருகிறதே தவிர, இறப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பண்டாரவன்னியன் எப்போது, எவ்வாறு இறந்தார் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தக் கல்லைச் சாட்சிக்கு அழைப்பது, எவ்வளவு பற்றுடன் செய்தாலும், எழுத்தில் நேர்மையாகாது. (பள்ளிக்கூட நாட்களில் நானும் இதை வீரச்சாவு நாளென்றே எழுதியவன்தான்.) வாசகம் சிறியது, ஆங்கிலத்தில் உள்ளது, கல்லின் பழைய ஒளிப்படமொன்றைப் பெரிதாக்கி, பெயர்களுக்கு இடையில் நிற்கும் வினைச்சொல்லை வாசித்தாலே போதும்.